பெடல் பக்கத்திலேயே கியர்: இந்த சைக்கிள் யாருக்கு சரிவரும், யாருக்கு வீண் செலவு?

சைக்கிள் மேட்டில் ஏறுகிறது. ஓட்டுபவர் ஹேண்டில்பாரில் எந்த லீவரையும் தொடவில்லை. மிதித்துக்கொண்டே குதிகாலால் கிராங்கின் நடுவில் இருக்கும் ஒரு பித்தானைத் தட்டுகிறார். 'டக்' என்று ஒரு சின்ன சத்தம். அடுத்த மிதியிலிருந்து பெடல் லேசாகிவிடுகிறது. செயின் இருந்த இடத்தைவிட்டு நகரவே இல்லை. பின் சக்கரத்திலும் எதுவும் மாறவில்லை. அப்படியானால் கியர் எங்கே மாறியது?

பெடல் கிராங்க் சுற்றும் இடத்திலேயே, முன்னால் இருக்கும் செயின் வீலுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன டப்பாவுக்குள். உள்கியர் கிராங்க் என்று சொல்லலாம். ஐரோப்பாவில் மடக்கு சைக்கிள், மூன்று சக்கர சைக்கிள் ஓட்டுபவர்கள் மத்தியில் இதற்கென்று ஒரு தனி ரசிகர் கூட்டமே உண்டு. ஆனால் வாங்கிப் பொருத்திவிட்டு, பின் சக்கர ஹப்பை உடைத்துக்கொள்ளும் ஆபத்தும் இதில் இருக்கிறது. அது ஏன், யாருக்கு இது உண்மையிலேயே தேவை என்பதைப் பார்க்கலாம்.

சைக்கிளில் கியர் எங்கெல்லாம் இருக்கலாம்?

நமக்குப் பழக்கமான கியர் சைக்கிளில் பின்னால் பல அளவுகளில் பல்சக்கரங்கள் அடுக்கி இருக்கும். டெரெய்லர் என்ற கருவி செயினை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளிவிடும். எல்லாமே வெளியே தெரியும். மண், மழை, தூசி எல்லாம் அதன்மேல்தான்.

இரண்டாவது வகை, பின் சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப்புக்குள்ளேயே கியர் வைப்பது. இங்கிலாந்தின் ஸ்டர்மி ஆர்ச்சர் 3 ஸ்பீடு ஹப் நூறு வருடத்துக்கும் மேலாகப் புழக்கத்தில் இருக்கிறது. ஜெர்மனியின் ரோலோஃப் நிறுவனம் 1998-ல் கொண்டுவந்த ஹப்பில் 14 கியர்.

மூன்றாவதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம். கால் விசை முதன்முதலில் இறங்கும் இடத்திலேயே, அதாவது கிராங்கிலேயே கியர். சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ஃப்ளோரியன் ஷ்லும்ப் உருவாக்கியவை இதில் ரொம்பப் பிரபலம். மூன்று வகைகள் இருக்கின்றன. 'மவுண்டன் டிரைவ்' பெடல் சுற்றை இரண்டரை மடங்கு மெதுவாக்கும்; ஏற்றத்துக்கு. 'ஸ்பீடு டிரைவ்' 1.65 மடங்கு வேகப்படுத்தும். 'ஹை ஸ்பீடு டிரைவ்' இரண்டரை மடங்கு வேகப்படுத்தும். மூன்றிலும் இரண்டே கியர்தான்: ஒன்று நேரடி ஓட்டம், இன்னொன்று மாற்றிய ஓட்டம். போலந்திலிருந்து வரும் எஃப்னியோவில் மூன்று கியர். அதில் 28 பல் உள்ள ஒரே செயின் வீல், 28, 40, 50 பல் உள்ள மூன்று செயின் வீல்களைப் போல வேலை செய்யும்.

டப்பாவுக்குள் என்ன நடக்கிறது?

நடுவில் ஒரு பல்சக்கரம். அதைச் சுற்றி ஓடும் சில சின்னப் பல்சக்கரங்கள். எல்லாவற்றையும் சுற்றி, உள்பக்கம் பல் வைத்த ஒரு பெரிய வளையம். சூரியனைச் சுற்றும் கோள்களைப் போல இருப்பதால் நடுவில் இருப்பதை சூரியச் சக்கரம் என்றும், சின்னவற்றைக் கோள் சக்கரங்கள் என்றும் சொல்கிறார்கள்.

சூரியச் சக்கரம் சைக்கிள் ஃபிரேமோடு இறுக்கப்பட்டு அசையாமல் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கிராங்க் சுற்றும்போது கோள் சக்கரங்களைத் தூக்கிக்கொண்டு சுற்றுகிறது. அசையாத சூரியன்மேல் உருள வேண்டியிருப்பதால் கோள்கள் தங்கள் அச்சிலும் சுழல்கின்றன. அந்தச் சுழற்சியும் சேர்ந்து வெளி வளையத்தைத் தள்ளுகிறது. செயின் வீல் அந்த வளையத்தோடு இருப்பதால் அது காலைவிட வேகமாகச் சுற்றும். சூரியனில் 36 பல், வளையத்தில் 60 பல் என்றால் கணக்கு சுலபம்: 36-ஐ 60-ஆல் வகுத்து 1 கூட்டினால் 1.6 மடங்கு. யார் மிதிபடுகிறார், யார் அசையாமல் நிற்கிறார் என்ற பொறுப்பை மாற்றிக் கொடுத்தால் வேகம் கூடுவதற்குப் பதில் குறையும்.

மறுபக்கம் இருக்கும் பித்தானைத் தட்டினால் எல்லாப் பாகங்களும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். அப்போது கிராங்கும் செயின் வீலும் ஒரே துண்டு மாதிரி, சாதாரண சைக்கிளைப் போல ஓடும். இதில் ஒரு லாபம் இருக்கிறது. நேரடி ஓட்டத்தில் பல்லோடு பல் உரசுவதில்லை, அதனால் விசை வீணாவதில்லை. மாற்றிய கியரில் கொஞ்சம் வீணாகும். ஆகவே நீங்கள் அதிக நேரம் ஓட்டப்போவது எந்தக் கியரிலோ அது நேரடியாக இருக்கும்படி தேர்வு செய்ய வேண்டும். சமதளத்தில் ஓட்டி, எப்போதாவது மலை ஏறுபவருக்கு மவுண்டன் டிரைவ்தான் சரி. நாள் முழுக்க மெதுவாக ஏறி, இறக்கத்தில் மட்டும் வேகம் வேண்டுமென்றால் ஸ்பீடு டிரைவ்.

இது புதுசா?

இல்லவே இல்லை. 1900-களின் தொடக்கத்திலேயே இங்கிலாந்தின் சன்பீம் சைக்கிள்களில் கிராங்க் பக்கம் இரண்டு கியர் வந்துவிட்டது. செயின் முழுக்க மூடிய, எண்ணெய் ஊற்றிய டப்பாவுக்குள் ஓடும். 1930-களில் ஜெர்மனியின் ஆட்லர் நிறுவனம் அதே இடத்தில் மூன்று கியர் வைத்தது.

நம் காலத்தில் இதைப் பெரிய அளவில் முயன்று பார்த்தது அமெரிக்காவின் ஸ்ராம். அதன் ட்ரூவாட்டிவ் பிராண்டில் 2008-ல் 'ஹாமர்ஷ்மிட்' என்ற கிராங்க் வந்தது. மலைப்பாதை சைக்கிள்களுக்கானது. 22 அல்லது 24 பல் உள்ள ஒரே சின்ன செயின் வீல். 1.6 மடங்கு கியர் போட்டால் அது 35, 38 பல் போல வேலை செய்யும். செயின் வீல் சின்னது என்பதால் பாறையில் இடிக்காது. முன் டெரெய்லர் வேண்டாம். மிதித்துக்கொண்டே மாற்றலாம். அந்த நேரத்தில் கொண்டாடப்பட்டது.

பிறகு அதை முடித்துவைத்ததும் அதே ஸ்ராம்தான். 2012-ல் பின்னால் 10 முதல் 42 பல் வரை 11 சக்கரங்கள் அடுக்கிய எக்ஸ்எக்ஸ்1 செட்டைக் கொண்டுவந்தது. முன்னால் ஒரே ஒரு சாதாரண செயின் வீல் போதும். மிக லேசான கியருக்கும் மிக வேகமான கியருக்கும் இடையே 4.2 மடங்கு வித்தியாசம். இவ்வளவு அகலம் பின்னாலேயே கிடைத்துவிட்டால், முன்னால் எடை கூடிய ஒரு கியர் டப்பா எதற்கு? ஹாமர்ஷ்மிட் தயாரிப்பு நின்றுபோனது.

இந்தக் கதையில்தான் 'யாருக்கு?' என்ற கேள்விக்கான விடையின் முதல் பாதி இருக்கிறது. பின்னால் பெரிய அடுக்கு வைக்க முடிகிற சைக்கிளுக்கு உள்கியர் கிராங்க் தேவையில்லை. வைக்க முடியாத, அல்லது வைக்க விரும்பாத சைக்கிளுக்குத்தான் தேவை.

3 கியர் 6 ஆகும்போது என்ன கிடைக்கும்?

லண்டனில் தயாராகும் பிராம்ப்டன் மாதிரி ஒரு மடக்கு சைக்கிளை எடுத்துக்கொள்வோம். 16 இன்ச் சக்கரம். பின் டெரெய்லர் தொங்கவிட்டால் தரையைத் தொட்டுவிடும் அளவுக்குத் தாழ்வு, மடக்கும்போதும் இடிக்கும். அதனால் 3 ஸ்பீடு ஹப். நடு கியரில் பெடலை ஒரு சுற்று மிதித்தால் 4 மீட்டர் போகிறது என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். ஸ்டர்மி ஆர்ச்சர் 3 ஸ்பீடு ஹப்பில் கீழ் கியர் முக்கால் பங்கு, மேல் கியர் ஒன்றே கால் மடங்குக்கும் கொஞ்சம் கூட. ஆக 3 மீட்டர், 4 மீட்டர், 5.3 மீட்டர்.

இதில் ஸ்பீடு டிரைவ் பொருத்தினால் கூடுதலாக 5, 6.6, 8.8 மீட்டர் கிடைக்கும். ஆறு கியர் என்று பெயர். ஆனால் 5-ம் 5.3-ம் கிட்டத்தட்ட ஒன்றுதான், உண்மையில் ஐந்து. 8.8 மீட்டர் சாதாரண ஆள் மிதிக்க ரொம்பக் கனம் என்பதால், முன்னால் செயின் வீலைச் சின்னதாக்கி மொத்த வரிசையையும் கீழே இறக்குவார்கள்.

மவுண்டன் டிரைவ் பொருத்தினால் பழைய மூன்றோடு 1.2, 1.6, 2.1 மீட்டர் சேரும். எதுவும் ஒன்றோடொன்று மோதாது. இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். 1.2 மீட்டர் கியரில் நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் ஒரு மணி நேரத்தில் போவது 4.3 கிலோமீட்டர். அது நடக்கிற வேகம்! அந்த வேகத்தில் இரண்டு சக்கர சைக்கிளை, அதுவும் மூட்டை முடிச்சோடு, ஏற்றத்தில் ஆடாமல் நேராக ஓட்டுவது பெரிய வித்தை. இறங்கித் தள்ளுவதே சுலபம். ஆனால் மூன்று சக்கர சைக்கிளுக்கு இந்தக் கவலையே கிடையாது. எவ்வளவு மெதுவாகப் போனாலும் விழாது. நடுவழியில் நின்று மூச்சு வாங்கிவிட்டு அப்படியே கிளம்பலாம்.

ஹப் ஏன் உடையும்?

இதுதான் பலர் கவனிக்காமல் விடும் இடம். கொஞ்சம் கணக்கு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

70 கிலோ எடை உள்ள ஒருவர் 170 மில்லிமீட்டர் கிராங்கில் முழு எடையையும் போட்டு ஏறி நின்றால் அச்சில் உண்டாகும் திருகு விசை சுமார் 117 நியூட்டன் மீட்டர். முன்னால் 44 பல், பின்னால் 18 பல் என்றால் ஹப்புக்குப் போய்ச் சேருவது அதில் பாதிக்கும் குறைவு, சுமார் 48. சாதாரண சைக்கிளில் ஹப் கியர்கள் தாக்குப்பிடிப்பதே இப்படி விசை குறைந்து வருவதால்தான்.

இப்போது மவுண்டன் டிரைவைப் போடுங்கள். வேகம் இரண்டரை மடங்கு குறைகிறது. திருகு விசை இரண்டரை மடங்கு கூடுகிறது. ஹப்புக்குப் போவது சுமார் 120. உள்ளே இருக்கும் சின்னச் சின்னப் பல்சக்கரங்கள் இதை எதிர்பார்த்துச் செய்யப்பட்டவை அல்ல. பல் உடையலாம், உள் பூட்டு வழுக்கலாம்.

அதனால்தான் ஹப் கியர் நிறுவனங்கள் முன் பல்லைப் பின் பல்லால் வகுத்தால் குறைந்தபட்சம் இவ்வளவு வர வேண்டும் என்று ஒரு வரம்பு சொல்கின்றன. பலவற்றில் அது 2-ஐ ஒட்டி இருக்கும். உள்கியர் கிராங்க் இருந்தால் கணக்கை அதன் மெதுவான கியரில் போட வேண்டும்: 44-ஐ 2.5-ஆல் வகுத்தால் 17.6 பல். அதை 18-ஆல் வகுத்தால் ஒன்றுக்கும் கீழே. வரம்பைப் பாதிக்கு மேல் மீறியாச்சு. இதற்குப் பிறகு ஹப் உடைந்தால் வாரண்டி கேட்க முடியாது.

'ஸ்பீடு டிரைவ் வேகப்படுத்துவதுதானே, அதில் ஆபத்து இல்லையே?' என்றால், பாதி உண்மை. செயின் வீல் பழைய அளவிலேயே இருந்தால் ஆபத்தில்லை. ஆனால் மேலே சொன்ன மாதிரி அதை 30 பல்லாகக் குறைத்தால், நேரடி கியரில் கணக்கு 1.67-க்கு வந்துவிடும்.

டெரெய்லர் சைக்கிளில் இந்தச் சிக்கல் கிடையாது. பழைய மலை சைக்கிள்களில் முன்னால் 22, பின்னால் 34 பல் சகஜம், 0.65 கணக்கு. பின் சக்கரத்தின் ஃப்ரீவீல் அதைப் பல வருடமாகத் தாங்கிவருகிறது. ஆகவே ஏற்றத்துக்காக மவுண்டன் டிரைவ் வாங்குபவர்கள் அதை டெரெய்லரோடு ஜோடி சேர்ப்பது நல்லது. ஹப் கியரோடுதான் வேண்டும் என்றால், அந்தக் கியரில் உட்கார்ந்து நிதானமாக மிதிக்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும். எழுந்து நின்று எகிறி மிதிப்பவருக்கு வேண்டவே வேண்டாம்.

ஃபிரேமைச் செதுக்கணுமா?

பல நேரம் ஆமாம். வாங்கும் முன் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது இது.

கிராங்க் அச்சு ஓடும் குழாயை மெக்கானிக்குகள் பிபி என்பார்கள். உள்ளே 117 போய் 292 வெளியே வருகிறது என்றால் இடையில் இருக்கும் 175 நியூட்டன் மீட்டரை யாரோ பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அந்த யாரோ, உங்கள் ஃபிரேம்தான். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு தகவல்: கார் சக்கரத்தின் நட்டைப் பொதுவாக 100 முதல் 120 வரைதான் இறுக்குவார்கள். இங்கே அதைவிட அதிகம், ஒவ்வொரு மிதிக்கும்.

இந்தத் திருகலில் கியர் டப்பா பிபி குழாயைவிட்டு வழுக்கிச் சுற்றாமல் இருக்க, ஷ்லும்ப் வகையில் குழாயின் இரண்டு விளிம்புகளையும் தனிக் கருவி வைத்து 45 டிகிரி சரிவாகச் செதுக்கி, டப்பாவைக் கூம்பு மாதிரி இறுக்குவது வழக்கம். எஃகு, அலுமினியம் ஃபிரேம் என்றால் செய்யலாம். கார்பன் ஃபிரேம் என்றால் நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள். ஹாமர்ஷ்மிட்டோ வேறு வழி: பிபியைச் சுற்றி மூன்று திருகு துளைகளோடு வரும் ஃபிரேமில் மட்டும்தான் அது ஏறும்.

செதுக்கும் வேலை கோணலாகிவிட்டால் டப்பா சில நாளில் தளரும். ஆகவே அந்தக் கருவி வைத்திருக்கும், இதற்கு முன் செய்து பழகிய கடை உங்கள் ஊரிலோ பக்கத்திலோ இருக்கிறதா என்பதைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். சாமான் விலையே சில நூறு யூரோ. ஃபிரேமும் போனால் இரட்டை நஷ்டம்.

அப்போ யாருக்கு இது?

முதலிடம் சாய்ந்து படுத்தபடி ஓட்டும் மூன்று சக்கர சைக்கிள்காரர்களுக்கு. இருக்கையில் சாய்ந்திருப்பதால் அவர்களால் எழுந்து நின்று உடல் எடையைப் போட்டு மிதிக்க முடியாது. ஏற்றத்தில் முழுக்க முழுக்கக் கியரைத்தான் நம்ப வேண்டும். பின் சக்கரம் பெரும்பாலும் 20 இன்ச் என்பதால் சமதளத்தில் வேகத்துக்கும் கியர் போதாது. இரண்டு பக்கமும் இழுபடும் இவர்களுக்கு உள்கியர் கிராங்க் ஒரு வரம் என்றே சொல்லலாம். முழங்கால் வலியாலோ சமநிலைப் பிரச்னையாலோ இரண்டு சக்கரத்தை விட்டுவிட்டு மூன்று சக்கரத்துக்கு வந்தவர்களுக்கு, அந்த 1.2 மீட்டர் கியர்தான் மலைப்பாதையில் போவதா, வேண்டாமா என்பதையே முடிவு செய்கிறது.

கால் இயங்காதவர்கள் கையால் சுற்றி ஓட்டும் சைக்கிள்களிலும் மவுண்டன் டிரைவ் பயன்படுகிறது. கைக்குக் கால் அளவு பலம் இல்லை என்பதால் லேசான கியர் அங்கே ரொம்ப முக்கியம்.

அடுத்து மடக்கு சைக்கிள். மேலே கணக்கோடு பார்த்துவிட்டோம்.

மூன்றாவது, நகரத்தில் தினமும் வேலைக்குப் போகிறவர். முன்னால் ஒரே செயின் வீல், செயின் பக்கவாட்டில் நகராது. அதனால் முழு செயின் கவர் போடலாம். பேண்ட், பாவாடை, வேட்டி எதுவும் மாட்டாது, கிரீஸ் கறையும் படாது. சிக்னலில் நின்றபடியே கியர் மாற்றலாம். வெளிக்கியரில் இது முடியாது.

யாருக்கு வேண்டாம்?

'ஏற்றத்தில் கொஞ்சம் கஷ்டமா இருக்கு, அவ்வளவுதான்' என்பவருக்கு வேண்டாம். பின்னால் பெரிய பல் உள்ள ஃப்ரீவீல், அல்லது முன்னால் சின்ன செயின் வீல் மாற்றினாலே போதும். செலவில் ஒரு சிறு பங்குதான் ஆகும். எந்த மெக்கானிக்கும் செய்வார்.

ரேஸ் சைக்கிள்காரர்களுக்கு எடை ஒத்துவராது. கணுக்காலை வளைத்துத் தட்டச் சிரமப்படுபவர்களுக்குக் குதிகால் பித்தான் ஒரு தொல்லை. அவர்கள் கைலீவர் உள்ள மாடலைப் பார்க்கலாம். தளர்ந்த செருப்பு போட்டு ஓட்டுபவர்களும் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்வது நல்லது. அகலக் கால் பேண்ட் பித்தானில் உரசாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பினியன் என்கிறார்களே, அதுவும் இதுவா?

இடம் ஒன்று, பொருள் வேறு. போர்ஷே கார் நிறுவனத்தில் வேலை பார்த்த இரண்டு பொறியாளர்கள் ஜெர்மனியில் தொடங்கியது பினியன். கார் கியர்பாக்ஸ் மாதிரி, பக்கத்துப் பக்கத்தில் அடுக்கிய பல்சக்கரங்கள். பி1.18 மாடலில் 18 கியர், மொத்த அகலம் 636 சதவீதம். அதாவது மிக வேகமான கியர், மிக லேசானதைவிட 6.36 மடங்கு. பின்னால் எந்தக் கியரும் தேவையில்லை. 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை அல்லது வருடத்துக்கு ஒருமுறை எண்ணெய் மாற்றினால் போதும் என்பதால், கண்டம் விட்டுக் கண்டம் சைக்கிளில் போகிறவர்கள் விரும்பி வாங்குகிறார்கள்.

ஆனால் இதைப் பழைய சைக்கிளில் பொருத்த முடியாது. பிபி குழாய்க்குப் பதிலாக இந்தப் பெட்டியை மாட்டும் தளத்தோடு செய்யப்பட்ட ஃபிரேம் வேண்டும். அதனால் முழு சைக்கிளாகத்தான் வாங்க வேண்டியிருக்கும்.

பழையது வாங்கினால் எதைப் பார்க்கணும்?

ஐரோப்பாவில் பழைய உள்கியர் கிராங்குகள் நிறையக் கைமாறுகின்றன. கிராங்கைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள்; ஆட்டம் இருந்தால் பேரிங் தேய்ந்திருக்கிறது. இரண்டு கியரிலும் ஓட்டி, பலமாக மிதிக்கும்போது தானாக மாறுகிறதா என்று பாருங்கள். ஃபிரேமோடு விற்றால் பிபி விளிம்பில் செதுக்கிய இடத்தில் விரிசல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். ஷ்லும்ப் வகையில் கிரீஸ் ஏற்றத் துளை இருக்கும். கடைசியாக எப்போது கிரீஸ் போட்டீர்கள் என்று கேளுங்கள். 'அப்படி ஒண்ணு இருக்கா?' என்று விற்பவர் திருப்பிக் கேட்டால் விலையைக் குறைத்துப் பேசுங்கள், இல்லை விட்டுவிடுங்கள். ஹாமர்ஷ்மிட் என்றால் இன்னொரு கேள்வியும் உண்டு: உதிரி பாகம் ஏதாவது கூடத் தருகிறாரா? புதிதாகத் தயாரிப்பு இல்லாததால், உள்ளே ஒரு சின்னப் பாகம் போனாலும் மாற்றுக்கு இன்னொரு பழைய கிராங்கைத்தான் தேட வேண்டியிருக்கும்.